ரோட்டோர முயலும் எங்கள் வீட்டு முறையும்

முயல் கறி எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஜீவகாருண்யம் பேச வந்தவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் பங்குனியில், கருப்பசாமி கோவில் வேட்டைப் பங்கு என்று இலையில் மடித்து வந்த நாலு துண்டுக் கறியை மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கி, அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கித் தின்றவள் நான். ருசியாகத்தான் இருந்தது. ஆகவே இது முயலுக்காக அழுத கதை இல்லை. என் வீட்டுக்காரர் வேலைக்காக ஊரோடு மல்லுக்கட்டிய கதை.

செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். தக்காளி, மக்காச்சோளம், முருங்கை, கிணற்றில் தண்ணீர் நிற்கிற தோட்டங்களில் பூ. நான் தினமும் காலையில் பஸ் பிடித்துத் திண்டுக்கல் போகிறேன். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கம்பம் ஏறுகிறார். நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வருஷா வருஷம் வரும், போகும். போன வருஷம் அது வெறும் பேச்சாக இல்லை. சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்தது போலீஸ் விசாரணை. இவர் பேரில் வழக்கு ஏதும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து எழுதிப் போனால், உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பங்குனியில் பார்த்துத்தான் வேட்டை முறை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

முறை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் விடிந்ததும், ஊர் ஆம்பளைகள் முயல் வலையை நீளமாகக் கட்டிவிட்டு, எதிர்ப்பக்கமிருந்து தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டே முயல்களை வலைப்பக்கம் விரட்டி வருவார்கள். விழுந்த முயலைக் கருப்பு முன்னால் வைத்துக் காட்டி, அறுத்து, தலைக்கட்டுக்கு ஒரு பங்கு பிரிப்பார்கள். ஒரு துண்டானாலும் பங்கு வந்தால்தான் அந்த வீடு கோவிலில் சேர்த்தி. வலையின் தலைக்கோலைப் பிடிக்கிற உரிமை நாலு பங்காளி வீடுகளுக்குத்தான், வருஷத்துக்கு ஒரு வீடு. அன்றைக்கு அந்த வீட்டு ஆம்பளைக்குக் கோவிலில் முதல் திருநீறு, தலையில் பரிவட்டம். என் மாமனார் பரிவட்டத்தோடு நிற்கிற போட்டோ எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அவர் போன பிறகு வீட்டுக்கு வருகிற முதல் முறை இது.

முன்பெல்லாம் இந்த வேட்டை மலையடிவாரத்தில் நடந்தது. வனத்துறை ஆட்கள் மறித்து, வலையைப் பறித்து, அபராதம் போட்டதும் நின்றது. நின்றது என்றால் மலையடிவாரத்தில் நின்றது, வேறு இடத்தில் தொடர்ந்தது. இடத்தை மாற்றிக் கொடுத்தவர் என் மாமனாரின் தம்பி. நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். கிராம உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எது பட்டா, எது புறம்போக்கு, எது ஓடை, எது காடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சர்வே நம்பரோடு சொல்வார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள எல்லாச் சட்டமும் சர்வே நம்பருக்குள்தான் இருக்கிறது.

“காட்டுக்குள்ள பிடிச்சாத்தானப்பா குத்தம்? ரோடு நெடுஞ்சாலைக்காரன் எடம். அங்க வனத்துறைக்கு என்ன சோலி?” என்று அவர் கேட்டதும் ஊருக்கே உயிர் வந்துவிட்டது. ரோட்டோரத்துக் கிளுவை வேலியிலும் ஆவாரம் புதரிலும் முயல் இல்லாமல் இல்லை. ராத்திரியில் தோட்டத்துப் பச்சையைத் தின்றுவிட்டு விடிந்ததும் வேலிக்குள் போய்ப் பதுங்கும். அன்றிலிருந்து வேட்டை ரோட்டோரத்தில் என்று ஆகிவிட்டது. ‘பொது ரோடு, பொது முயல், எவன் கேக்குறது’ என்று சின்னப் பையன்கள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷமாக எவனும் வந்து கேட்கவும் இல்லை. கேட்காததாலேயே அது ஊருக்குச் சட்டமாகிப் போனது.

எனக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை. பங்குனிப் பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் ஆபீசுக்கு ஓர் ஆள் வந்தார். கீரனூர்ப் பக்கம், நடுவயசு. ரோட்டோரத்தில் கண்ணி வைத்து இரண்டு கௌதாரி பிடித்து, பைக்கில் மாட்டிக்கொண்டு வரும்போது வனத்துறையிடம் சிக்கியிருக்கிறார். பைக்கைப் பறித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்து, வழக்கை நடத்த வக்கீல் தேடிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, ரோட்டோரத்துலதானுங்க வெச்சேன். காட்டுக்குள்ள காலே வைக்கலீங்களே. அப்பறம் எப்படீங்க கேஸு?” என்று அவர் கேட்டார். அப்படியே எங்கள் சின்ன மாமா பேசுகிற பேச்சு. நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

வக்கீல் சிரிக்கவில்லை. “சட்டம் எடத்துக்குப் போட்டது இல்லய்யா, கௌதாரிக்குப் போட்டது. அது காட்டுல நின்னாலும் ரோட்டுல நின்னாலும் ஒங்க வீட்டு முத்தத்துல வந்து நின்னாலும் ஒண்ணுதான். பிடிக்கக் கூடாது.”

“அப்ப முயலு, சார்?” என்று கேட்டது அந்த ஆள் இல்லை, நான்.

“முயலும்தாம்மா. பிடிக்கணும்னுகூட இல்ல. பிடிக்கணும்னு வலை விரிச்சாலே வேட்டைதான்.”

“அபராதத்தைக் கட்டீட்டுப் போயர்லாம்னு நெனச்சனுங்க” என்று அந்த ஆள் முணுமுணுத்தார். அன்று சாயங்காலம் அவருடைய மனுவை நான்தான் அடித்தேன். பேர், தகப்பனார் பேர், ஊர், குற்றப் பிரிவு. அடித்துக்கொண்டே வரும்போது அந்தப் பேர் இருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பேர் நிற்கிற மாதிரி தோன்றிவிட்டது. எனக்குப் பயம் வந்தது. இத்தனை வருஷம் கம்பத்தில் தொங்கியதெல்லாம் ஒரு முயலோடு போய்விடும் என்ற பயம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த வருசம் வலை பிடிக்கப் போகாதீங்க. கேஸ் ஆனா வேலை போச்சு.”

“ரோட்டுலதானே கட்டுறோம்?”

“ரோடோ காடோ, முயல் ஒண்ணுதானாம். வக்கீல் சொன்னாரு.”

“ரெண்டு வருசமா நடக்குது. எவன் வந்து பிடிச்சான்?”

“ரெண்டு வருசமும் நீங்க முன்னால நிக்கல. காட்டுக்குள்ள செஞ்சாக்கூட யாருக்கும் தெரியாது. ரோட்டுல கொடைக்கானல் போற காரெல்லாம் நிறுத்தி வீடியோ எடுப்பான். பரிவட்டமும் வலையுமா ஒங்க மூஞ்சிதான் மொதல்ல தெரியும்.”

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். “அப்பா பிடிச்ச கோலு. நான் மாட்டேன்னு சொன்னா அம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

எனக்கு அவரைப் புரியாமல் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு எங்கேயும் மரியாதை கிடையாது. புயலடித்தால் இவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், கரண்ட் வந்த பிறகு மாலை போட்டுப் போட்டோ எடுக்கும்போது இவரைக் கூப்பிட மாட்டார்கள். அப்படிப்பட்ட மனுஷனை ஊரில் ஒரு காலைப்பொழுது தலையில் துணி கட்டி முன்னால் நிறுத்துகிறார்கள் என்றால், அதை எப்படி வேண்டாம் என்பார்? அவர் ஆசைப்பட்டது நியாயம்தான். ஆனால் நியாயத்தைக் காட்டி வேலை வாங்க முடியாதே. அதனால் நான் விடுவதாக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டத்தில் அந்தப் பகுதியைத் தமிழில் அடித்து எடுத்துக்கொண்டு சின்ன மாமா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“இதுல சர்வே நம்பர் எங்கத்தா இருக்கு?”

“முயலுக்கு ஏது மாமா சர்வே நம்பர்? அது எங்க நின்னாலும் குத்தந்தான்.”

“எடத்தச் சொல்லாம ஒரு சட்டம் இருக்குமா? டைப் அடிக்கிறவ அடிக்கிற வேலையப் பாரு, ஆத்தா. சட்டத்த நாங்க பாத்துக்குறோம்.” தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். அவர் மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன், அந்தக் கோபம் வீடு வந்து சேர்ந்த பிறகும் அடங்கவில்லை.

வேறு என்ன செய்யலாம் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். வனத்துறைக்கு நானே போன் போட்டுச் சொல்லலாம். சொன்னால் வருவார்கள், வந்தால் முதலில் பிடிபடுகிறவர் தலைக்கோல் பிடித்து நிற்கிற என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கு டூட்டி கேட்டு வாங்குங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். முடியாது என்றார். கோவித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகலாம். போனால் தொல்லை விட்டது என்று நிம்மதியாக வலை பிடிப்பார்.

வழி சொன்னது என் மாமியார். வழி சொல்கிறோம் என்று தெரியாமல்தான் சொன்னார். பொங்கலன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“நாளைக்கு லீவு போட்டிரு. ஆம்பளைக திரும்பி வார வரைக்கும் தலைக்கோல் பிடிக்கிறவன் பொண்டாட்டி வாசப்படி தாண்டக் கூடாது. தப்பித் தவறி நீ வலையத் தாண்டிட்டா அம்புட்டுத்தான். அந்த வருசத்துக்கே வேட்டை கெடையாது. வலையச் சுருட்டித் தண்ணி தெளிச்சு வீட்டுக்குக் கொண்டாந்துருவாங்க.”

“வேற வீட்டுப் பொம்பள யாராச்சும் தாண்டுனா அத்தை?”

“அதுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டுத் திரும்பக் கட்டலாம். முறை வீட்டுக்காரி தாண்டுனதுக்குத்தான் பரிகாரமே கெடையாது.”

சரி அத்தை என்று சொன்னேன். லீவு போடவில்லை.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரரும் மாமியாரும் கோவிலுக்குப் போய்விட்டார்கள். நான் குளித்து, சேலை கட்டி, சோற்று டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக் கிளம்பினேன். சாவியை மாமியார் கண்ணில் படுகிற மாதிரி மாடத்தில் வைத்தேன். இந்த வலையைக் கட்டுவதே சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டுவதற்கு முன்னால் தாண்டினால் செல்லாது. கார் எவனும் நின்று வீடியோ எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

வண்டிப்பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் வலை ஆரம்பித்தது. பாதைக்குக் குறுக்கே கட்டி, அங்கிருந்து வேலியோரமாக ரோட்டுப் பக்கத்திலேயே பாலம் வரைக்கும் இழுத்திருந்தார்கள். தலைக்கோலைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் பரிவட்டம், நெற்றி நிறையத் திருநீறு. அழகாக இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவளாவேன். தூரத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் தகரச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

சின்ன மாமாதான் முதலில் பார்த்தார். “ஏத்தா, எங்க வாரே?”

“பஸ்ஸுக்குப் போறேன் மாமா.”

“இன்னைக்கு நீ வெளிய வரலாமா? போ, போ. இல்லாட்டி வாய்க்கா வழியாச் சுத்திப் போ.”

“எதுக்குச் சுத்தணும்? பொது ரோடுன்னு நீங்கதானே சொன்னீங்க. பொதுன்னா அதுல நானும் உண்டுல்ல?”

கையில் கம்போடு நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், “வேணாம்” என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். அந்தக் குரலுக்கு நான் திரும்பிப் போயிருக்கலாம். வேறு எந்த விஷயமாக இருந்தாலும் போயிருப்பேன்.

“எனக்கு ஒங்க வேலை வேணும்ங்க” என்று சொல்லிவிட்டு வலையைத் தாண்டினேன்.

வலை முழங்கால் உயரம்தான். அந்தப் பக்கம் போய் நின்று பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டேன். சின்ன மாமா தலையில் கைவைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே தலைக்கோலைத் தரையில் சாய்த்தார். வலை அப்படியே படுத்துக்கொண்டது. தகரம் தட்டுகிறவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவர்கள் விரட்டிய முயல் ஒன்று வேலிக்குள்ளிருந்து பாய்ந்து, தரையில் கிடந்த வலை மேலேயே ஓடி, ரோட்டைக் கடந்து எதிர்த்த தென்னந்தோப்புக்குள் போனது. நல்ல கொழுத்த முயல். ஊரே அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். செம்பட்டி தாண்டுகிற வரைக்கும் அழுதேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்ன ஏது என்று கேட்காமல் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

அன்றைக்கு வனத்துறை ஜீப் எதுவும் வரவில்லை. அதுதான் எனக்கு வாய்த்த பெரிய சோதனை. ஜீப் வந்திருந்தால் நான் ஊரைக் காப்பாற்றியவள். வராததால் கருப்பு காரியத்தைக் கெடுத்தவள். “எங்கத்தா ஒன் ஜீப்பு?” என்று சின்ன மாமா பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டார். சாமிக்கு ஒரு சேவலை அறுத்து ஒப்பேற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு இனிமேல் முறை கிடையாது என்று கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு தக்காளி விலை விழுந்ததற்கும், மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததற்கும் என் கால்தான் காரணம். ஆந்திராவில் அமோகமாகத் தக்காளி விளைந்ததற்கும் என் காலா என்று ஒருநாள் குழாயடியில் கேட்டுவிட்டேன்.

மாமியார் என்னோடு பேசாமல் இருந்தது எனக்கு வலிக்கவில்லை. வீட்டுக்காரர் பேசாமல் இருந்தது வலித்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்தால் வேண்டாம் என்பார். வெறும் மோரை ஊற்றிக் குடித்துவிட்டுக் கம்பம் ஏறப் போவார். ஒருநாள் போலீஸ்காரர் ஒருத்தர் பைக்கில் வந்து, பேர் விலாசம் விசாரித்து, வழக்கு ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் தாண்டினேன். அவர் போன பிறகுதான் இவர் வாயைத் திறந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“மாசம் பூராச் சொன்னேன்.”

“அதில்ல. தாண்டப் போறேன்னு.”

“சொல்லிருந்தா கதவப் பூட்டிட்டுப் போயிருப்பீங்க.”

அன்று ராத்திரி அவர் பொரியலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை. வரும், வராமல் போகட்டும், அவர் பேரில் வழக்கு வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இன்னொரு தடவை முறை வந்தாலும் தாண்டுவேன்.

இந்த வருஷம் முறை சின்ன மாமா வீட்டுக்கு. தலைக்கோல் பிடிக்க வேண்டியது அவர் மகன். மனுஷர் கொஞ்சமும் மாறவில்லை. போன வருஷம் கட்டிய இடம்தான் ராசியில்லை, வாய்க்கால் கரைப் பாதை பொதுப்பணித்துறை இடம், அங்கே கட்டினால் வனத்துறையும் கேட்க முடியாது, நெடுஞ்சாலையும் கேட்க முடியாது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். கோவிலில் உட்கார்ந்து வலையை முடைந்துகொண்டிருக்கிறார்கள்.

நேற்றுக் காலை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் மருமகள் வந்தாள். வெளிநாட்டு வேலைக்கு அவள் புருஷன் பாஸ்போர்ட் கேட்டு எழுதிப் போட்டிருப்பது ஊருக்கே தெரியும். அதற்கும் போலீஸ் விசாரணை உண்டு. போன வருஷத்திலிருந்து என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறவள், நேராக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிறாதீங்க.”

“கேளு.”

“அன்னைக்குத் தாண்டும்போது சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டீங்களா, இல்ல கையில பிடிச்சுக்கிட்டீங்களா? எனக்குக் கால் தடுக்கி மாமனார் முன்னாடி விழுந்துருவேனோன்னு இருக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வருஷமாக இந்த ஊரில் என் பக்கம் ஒரு ஆள்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“சேலை வேணாம், சுடிதார் போட்டுக்க. செருப்பும் வேணாம். எனக்குச் செருப்பு வலைக் கண்ணியில மாட்டி இழுத்துருச்சு, யாரும் கவனிக்கல.”

“நீங்க கூட வாரீங்களா?”

“நான் தாண்டுனா செல்லாது. நீதான் தாண்டணும். ஆனா வாரேன்.”

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. வலையை எந்த இடத்தில் கட்டுவார்கள் என்று பார்க்க, இரண்டு பேருமாக வாய்க்கால் பக்கம் நடந்தோம்.